மரதன் முடிந்த பிறகு ஏன் ஓட மனம் வருவதில்லை?

எங்கள் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. போன வருடம் அதில் ஒக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். கொழும்பில் மரதன் ஓட்டம். 42.195 கிலோமீற்றர், எனக்கு அதுதான் முதலாவது. ஜூன் மாதம் தொடக்கம் வீட்டில் எல்லாமே அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நடந்தது. எத்தனை மணிக்குப் படுப்பது, இரவுச் சாப்பாடு என்ன, எந்தக் கலியாணத்துக்கு நானும் போவது, எதற்கு இவரை மட்டும் அனுப்புவது என்று எல்லாம். ஓடி முடித்தேன். 5 மணி 12 நிமிடம். இரவு ரயிலில் திருகோணமலை வந்து சேர்ந்தேன். நவம்பர் தாளைத் திருப்பினால் முப்பது வெறுங்கட்டங்கள்.

அந்த முப்பது நாளில் நான் ஓடப் போனது இரண்டே தடவை. இரண்டாம் தடவை டச்பே கடற்கரையோரம் ஒரு கிலோமீற்றர்கூடப் போகாமல் நின்று, திரும்பி நடந்து வந்தேன். காலில் வலி இல்லை. மூச்சும் வாங்கவில்லை. வேண்டாம் என்றிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் பேசிப் பார்த்த ஓட்டக்காரர் பலரும் இதே கதையைச் சொன்னார்கள். முதல் 10 கிலோமீற்றரை முடித்த பிள்ளைகள், அரை மரதன் ஓடிய அலுவலகத் தம்பி ஒருவர், என்னோடு சேர்ந்து பயிற்சி செய்த மச்சாள், எல்லாரும்தான். எல்லாரும் அதைக் கொஞ்சம் வெட்கத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அந்த வெட்கம் தேவையில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய போட்டிக்குப் பிறகு வரும் இந்த வெறுமை உலகமெங்கும் ஓடுகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்கள் விளங்கினால் திரும்பி வருகிற வழியும் பாதி விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்காதீர்கள். சோம்பலான ஆள் ஜூலை மாதத்துக் கச்சான் காற்றில், விடியுமுன் எழும்பி, நிலாவெளி வரைக்கும் ஓடித் திரும்புவதில்லை.

உடம்பு கேட்கும் விடுப்பு

மனம் பற்றிப் பேசுமுன் உடம்பைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் "மனமில்லை" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உடம்பு சொல்வதுதான்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் நிலத்தில் பட்டதும் தொடைத் தசை இழுபட்டுக்கொண்டே நம் பாரத்தைத் தாங்குகிறது. மாடிப்படியில் இறங்கும்போது தொடையில் தெரியும் அந்தப் பிடிப்பை நினைத்துப் பாருங்கள், அதே வேலைதான். மரதன் ஒன்றில் இது பல பத்தாயிரம் தடவை நடக்கிறது. தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல்கள் விழுகின்றன. தசைக்குள் இருக்க வேண்டிய கிரியேற்றின் கைனேஸ் என்ற நொதியம் இரத்தத்துக்குள் கசிகிறது. ஓட்டம் முடிந்து ஒரு நாள் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தால் அதன் அளவு பல மடங்கு ஏறியிருக்கும். இறங்கி வழமைக்கு வரப் பல நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கும். படியில் பக்கவாட்டாக இறங்குகிற அந்த வலி நாலைந்து நாளில் போய்விடும். உள்ளே திருத்த வேலை அதோடு முடிவதில்லை.

தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரையும் கிட்டத்தட்டத் தீர்ந்துபோயிருக்கும். இது நல்லாகச் சோறு சாப்பிட்டால் சில நாளில் நிரம்பிவிடும். போட்டி முடிந்த வாரத்தில் பலருக்குத் தடிமன் பிடிப்பதும் உண்டு. எனக்கும் பிடித்தது.

இந்த நிலையில் உடம்பு ஓடக் கூப்பிடாமல் இருப்பது அதன் நல்ல குணம். நியூசிலாந்தின் ஜாக் பொஸ்ரர் என்று ஒருவர் இருந்தார். 1974 பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், 41 வயதில், மரதனை 2 மணி 11 நிமிடத்தில் ஓடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் என்று கணக்குப் பண்ணி, அத்தனை நாளும் கடும் ஓட்டம் எதுவும் வேண்டாம் என்ற வழக்கம் அவர் பெயரால்தான் சொல்லப்படுகிறது. மரதன் 26 மைல், அப்படியென்றால் 26 நாள். உலகத் தரத்தில் ஓடிய மனிதருக்கே அந்த அவகாசம் வேண்டியிருந்தது. பகல் முழுக்கக் கதிரையில் இருந்து கணக்கு எழுதிவிட்டு விடியற்காலையில் ஓடுகிற எனக்கு வேண்டாமா?

சரி, அவ்வளவு நாள் விட்டால் சேர்த்ததெல்லாம் கரைந்துவிடாதா? இந்தப் பயம்தான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. மச்சாள் மூன்றாம் நாளே நொண்டி நொண்டி வெளிக்கிட்டதற்கும் இதுவே காரணம். இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1984இல் எட்வர்ட் கொயில் என்ற அமெரிக்க உடலியலாளரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஓர் ஆய்வில், நீண்ட காலம் கடுமையாகப் பயிற்சி செய்த ஏழு பேர் 84 நாள் பயிற்சியை அடியோடு நிறுத்தினார்கள். உடம்பு உச்சமாக எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்பது ஓட்டக்காரரின் திறனுக்கு ஒரு முக்கிய அளவுகோல். அது மூன்று வாரத்தில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரமளவில் 16 சதவீதக் குறைவில் வந்து நின்றுவிட்டது. தசைக்குள் இரத்தத்தைக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் அப்படியே இருந்தன. தொடக்கத்தில் குறைவதில் ஒரு பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் வருவது. ஓடத் தொடங்கினால் அது விரைவாகவே திரும்பி ஏறும்.

அவர்கள் முழுதாக நிறுத்தியவர்கள் என்பதையும் கவனியுங்கள். நாம் அந்த நாட்களில் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். எனக்கு மரதன் முடிந்து இரண்டாம் ஞாயிறு, மச்சாளோடு கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குச் சைக்கிளில் போய் வந்ததுதான் அந்த மாதத்தின் நல்ல காலைப்பொழுது. ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளி ஊற்றிவிட்டு, வரும் வழியில் ஒரு பிளேன்டீ. நேரம் பார்க்கவில்லை.

அதனால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு என் சொல் ஒன்றுதான். ஓட மனமில்லையா, ஓடாதீர்கள். அதைத் திருத்தப் பார்க்கவும் வேண்டாம்.

கொடியிறங்கிய மறுநாள்

ஒரு மாதம் போய், உடம்பு தேறி, காலும் சுகமாகி, அப்போதும் சப்பாத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பத் தோன்றினால்? இங்கேதான் மனத்தின் கணக்கு வருகிறது.

பத்திரகாளி அம்பாள் கோவில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கொடியேறிய நாளிலிருந்து நகரமே ஒரு நடையில் இருக்கும். தேருக்கு முதல் நாள் இரவு வீதியில் நிற்கும்போது நெஞ்சில் ஒரு பரபரப்பு. தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, கொடியும் இறங்கிய மறுநாள் அதே வீதியால் போனால் வாடிய வாழைத்தண்டும், பாதி கழற்றிய தோரணமும், கடலைச் சரைத் தாள்களும்தான் கிடக்கும். அம்மன் அங்கேதான் இருக்கிறாள், கோவில் அப்படியேதான் இருக்கிறது. நம்மை இழுத்துக்கொண்டு போன அந்த எதிர்பார்ப்பு மட்டும் இல்லை.

மூளைக்குள்ளும் இப்படி ஒன்று நடக்கிறது. டோபமின் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்பம் தரும் இரசாயனம் என்று பலரும் எழுதுகிறார்கள், அது பாதி உண்மை. வொல்ப்ராம் ஷுல்ற்ஸ் என்ற நரம்பியலாளர் 1990களில் குரங்குகளில் செய்த சோதனைகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டின. குரங்குக்கு எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தால் டோபமின் நரம்புகள் துடித்தன. பிறகு சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று பழக்கினார்கள். பழகிய பிறகு அந்த நரம்புகள் விளக்கு எரிந்த கணத்திலேயே துடித்தன. சாறு வாயில் விழுந்தபோது பெரிதாக எதுவும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், துடிப்பு வழமையைவிடக் கீழே இறங்கியது.

சாற்றைவிட, சாறு வரப்போகிறது என்ற செய்திதான் அந்த நரம்புகளை எழுப்புகிறது. குரங்கின் ஒரு துளிச் சாற்றையும் மனிதர் மாதக்கணக்கில் எடுக்கும் முயற்சியையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் கலண்டர் வட்டம் அந்த விளக்குப் போலத்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். ஐந்து மாதம் ஒவ்வொரு நாள் விடியற்காலையும் "இன்னும் இத்தனை நாள்" என்ற எண்ணம்தான் கட்டிலிலிருந்து எழுப்பியது. திகதி கடந்ததும் விளக்கு அணைந்தது. ஓட்டத்தின்மேல் இருந்த விருப்பம் செத்துவிட்டது என்று நான் பயந்தேன். உண்மையில் செத்தது திகதியின்மேல் இருந்த விருப்பம். இரண்டும் அந்த ஐந்து மாதமும் ஒட்டிக்கொண்டே கிடந்ததால் எனக்கு வேறு பிரித்துத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இந்தப் பிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கான ஊக்கம் வேறு, ஓடுவதற்கான ஊக்கம் வேறு. முதலாவது போட்டி முடிந்ததும் போவது இயல்பு. அது கடனாக வந்த பலம், திகதி வந்ததும் திரும்பிப் போய்விடும். இரண்டாவது இருந்ததா, இன்னும் இருக்கிறதா என்பதை ஆறுதலாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

அதற்கு உதவும் இன்னொரு பழைய சோதனை. 1971இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களுக்குக் கட்டைகளைப் பொருத்தும் புதிர்களைக் கொடுத்தார். விருப்பமாக அவர்கள் அதைப் பொருத்தினார்கள். ஒரு குழுவுக்கு நடுவில் ஒரு நாள் மட்டும், முடித்த புதிருக்குக் காசு கொடுத்தார். அடுத்த நாள் காசு இல்லை. காசு வாங்கிப் பழகிய குழு, சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டது. வெளியிலிருந்து ஒரு கூலி வந்ததும் விளையாட்டு வேலையாக மாறிவிட்டது.

நான் இதை வாசித்தபோது என்னுடைய செப்டெம்பர் மாதம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மாதத்தில் நான் கடலைப் பார்த்தே ஓடவில்லை. மணிக்கட்டைப் பார்த்து ஓடினேன். சாம்பல்தீவுப் பாலத்தில் சூரியன் எழும்பும்போது களப்பு முழுக்கச் செம்பு பூசியதுபோல் கிடக்கும். அந்த இடத்தில் நான் கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அப்போது என் கூலி. 12 நிமிடம் பிந்தியதால் அந்தக் கூலியும் முழுதாகக் கிடைக்கவில்லை. பதக்கத்தை அலுமாரிக்குள் வைத்தபோது எனக்குள் இருந்தது ஏமாற்றமா களைப்பா என்று அப்போது தெரியவில்லை.

மழையும் ஒரு காரணம்தான்

வெளிநாட்டு ஆலோசனைகளை வாசிக்கும்போது நம் ஊர்க் காலநிலையை மறந்துவிடுகிறோம். கொழும்பு மரதன் ஒக்டோபரில். எங்கள் கரையில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்கும் கொட்டுகிறது. அதாவது, போட்டி முடிந்து, உடம்பு ஓய்ந்து, திரும்ப ஓடலாமோ என்று மனம் மெல்லத் தலைதூக்கும் அந்த வாரங்களில்தான் வாடைக்காற்றும் அடைமழையும். விடியற்காலை ஐந்தரைக்கும் இருட்டு. மைதானத்தில் தண்ணீர் நிற்கும், ஒழுங்கையெல்லாம் சேறு. நீந்தலாம் என்றால் அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பு, இறங்கக் கூடாது.

டிசெம்பரில் ஒரு நாள் படலைக்குப் பக்கத்தில் விறாந்தையில் கிடந்த சப்பாத்தை எடுத்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெளியே துணியில் வெள்ளை வெள்ளையாக வரி, ஜூலை மாதத்து வியர்வை காய்ந்த உப்பு. கழுவிக் காயவைக்க வெயிலும் இல்லை. பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து அடுப்பங்கரை மூலையில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. இருந்தாலும் அன்றைக்குக் கொஞ்சம் மனம் லேசானது. ஓட வேண்டும் என்று தோன்றவில்லை, சப்பாத்து பழுதாகக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அதுவே ஒரு தொடக்கம் என்று இப்போது நினைக்கிறேன்.

திரும்பி வருவது

இலங்கையில் பள்ளிக்கூடங்களின் இல்ல விளையாட்டுப் போட்டி வருடத் தொடக்கத்தில் வரும். அதற்கு முன்னோடியாக வீதியில் மரதன் வைப்பார்கள், நாலைந்து கிலோமீற்றர் என்றாலும் பெயர் மரதன்தான். தைப்பொங்கலுக்கு முதல் கிழமை எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு அங்காலிருந்து கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் கொழும்பில மரதன் ஓடினீங்கள்தானே? எனக்கு ரெண்டாவது கிலோமீற்றரிலயே வயித்துக்குள்ள பிடிக்குது. என்ன செய்யிறது?"

"காலமை சாப்பிட்டிட்டு எவ்வளவு நேரத்தில ஓடுறீங்கள், பிள்ளை?"

"சாப்பிட்ட உடன."

அடுத்த நாள் அவளோடு மெக்கெய்சர் மைதானத்துக்குப் போனேன். சாப்பிட்டவுடன் ஓடாமல், மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேசக்கூடிய வேகத்தில் தொடங்கச் சொன்னேன். அந்த வேகத்தைக் காட்டுவதற்காக நானும் ஓடினேன். இருபது நிமிடம். எத்தனை கிலோமீற்றர் என்று தெரியாது. மணிக்கூட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

டெசியும் அவரோடு வேலை செய்த ரிச்சர்ட் றயனும் பிறகு பல வருடம் ஆராய்ந்து, மனிதரின் உள்ளூக்கம் மூன்று தேவைகளில் வேர்விடுகிறது என்றார்கள். இதை நான்தான் தெரிந்து செய்கிறேன் என்ற உணர்வு ஒன்று. எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு ஒன்று. இதில் எனக்குச் சொந்தமான மனிதர் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஒன்று. அந்த இருபது நிமிடத்தில் மூன்றும் எனக்குக் கிடைத்தன. ஒருவரும் ஓடச் சொல்லவில்லை, நானாகப் போனேன். எனக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குப் பயன்பட்டது. பக்கத்தில் ஒரு பிள்ளை மூச்சிரைக்கக் கதைத்துக்கொண்டு வந்தாள். போட்டித் திகதி அவளுக்கு, எனக்கில்லை.

எல்லாருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்காது. ஆனால் இந்த மூன்றில் உங்களுக்கு எது வற்றிப்போயிருக்கிறது என்று பார்க்கலாம். பயிற்சித் திட்டத் தாள் சொன்னபடியே மாதக்கணக்கில் ஓடிக் களைத்தவருக்கு முதலாவது வற்றியிருக்கும். அவர் ஒரு மாதம் தாளே இல்லாமல், அன்றைக்கு எந்தப் பக்கம் கால் போகிறதோ அந்தப் பக்கம் ஓடட்டும். நினைத்த நேரத்துக்குள் முடிக்காதவருக்கு இரண்டாவது அடிபட்டிருக்கும். அவருக்கு ஒரு சின்னச் சவால் நல்லது. கோட்டை வாசலில் தொடங்கிக் கோணேசர் கோவில் வாசல் வரைக்கும் அந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறுவது போல ஒன்று. தூரம் கொஞ்சம்தான். காலையில் போனால் கோட்டைக்குள் மான்கள் வீதியோரம் மேய்ந்துகொண்டிருக்கும், அதுகளுக்கு வழிவிட்டுத்தான் ஓட வேண்டும். தனியே ஓடுகிறவருக்கு மூன்றாவது. வாரத்தில் ஒரு நாளாவது ஒரு ஆளோடு ஓடுங்கள், வேகம் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. பெண்கள் தனியே ஓடும்போது பார்வையும் கேள்வியும், தெருநாய் துரத்துவதும் சேர்ந்தே மனத்தை அரிக்கும். எனக்கு ஊக்கம் என்று நான் நினைத்திருந்ததில் பாதி, மச்சாள் பக்கத்தில் வருகிறாள் என்ற தைரியம்தான்.

தொடங்கும்போது அளவைச் சிறிதாக வையுங்கள். வாரத்துக்கு மூன்று நாள், இருபது நிமிடம் போதும். நாளைக்கு ஓட வேண்டும் என்று பொதுவாக நினைத்துக்கொண்டு படுத்தால் நடக்காது. செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு, உட்துறைமுக வீதியில், மச்சாள் வீட்டு வாசலிலிருந்து என்று நேரமும் இடமும் குறித்துக்கொண்டு படுத்தால் நடக்கக்கூடும். மனம் வந்த பிறகு ஓடுவோம் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலும் பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் மனம் வருகிறது. பத்து நிமிடம் கழித்தும் வராவிட்டால் திரும்பி நடந்து வாருங்கள். அந்தச் சுதந்திரத்தை உங்களுக்கு நீங்களே கொடுத்திருந்தால்தான் அடுத்த நாளும் வெளிக்கிடுவீர்கள்.

மணிக்கூட்டையும், ஓடிய தூரத்தையும் வேகத்தையும் பதிந்து வைக்கும் ஸ்ட்ராவா செயலியையும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கச் சொல்வேன். ஒக்டோபரில் ஓடிய வேகத்தையும் ஜனவரியில் ஓடும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்ப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

இன்னொன்று, கதை சொல்லுங்கள். ஸூ-சி ஹுவாங், ஜெனிபர் ஆக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் இலக்கை அடைந்து முடித்தவர்களைக் கவனித்தார்கள். தாங்கள் வந்த வழியை ஒரு பயணமாகத் திரும்பி நினைத்துப் பார்த்தவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் நினைத்தவர்களைவிட, அந்த நல்ல பழக்கத்தைப் பிறகும் தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளை என்னிடம் மரதன் எப்படி இருந்தது என்று கேட்டபோது 5 மணி 12 நிமிடம் என்று சொல்லித்தான் தொடங்கினேன். அவளுக்கு அந்த இலக்கம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, முதன்முதல் உப்புவெளி யுத்த மயானம் வரைக்கும் நிற்காமல் ஓடிய நாள், அலஸ்தோட்டத்தில் மழையில் நனைந்தபடி நானும் மச்சாளும் செருப்போடு ஓடிய நாள், 35ஆம் கிலோமீற்றரில் முன்பின் தெரியாத ஒரு ஐயா தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது என்று சொல்லச் சொல்ல, இதெல்லாம் நடந்ததே என்று எனக்கே நினைவு வந்தது. பன்னிரண்டு நிமிடப் பிந்தல் அந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை.

அடுத்த போட்டிக்கு உடனே பெயர் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அணைந்த விளக்குக்குப் பதில் இன்னொரு விளக்கு ஏற்றுவதுதான் அது. அதுவும் ஒரு நாள் அணையும். முதலில் திகதி இல்லாமல் ஒரு மாதம் ஓடிப் பாருங்கள், அப்புறம் பெயர் கொடுங்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 70 வயதைத் தாண்டி, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வாங்கி வந்தபோது அவரது படத்தை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். அந்த வயது வரைக்கும் ஓடுகிற ஒருவரை ஒரு திகதி மட்டும் கொண்டுபோயிருக்க முடியாது என்று அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

காத்திருக்கக் கூடாத நேரம்

ஒரு விஷயத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஓட மனமில்லை என்பது வேறு, எதிலுமே மனமில்லை என்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரை வராமல், சாப்பாடு பிடிக்காமல், பிள்ளைகளோடு கதைக்கவும் விருப்பமில்லாமல், வாழ்வதே பாரமாகத் தெரிந்தால் அதை ஓட்டத்தோடு முடிச்சுப்போட்டுக் காலம் கடத்தாதீர்கள். வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ், ஒலிம்பிக் முடிந்த காலங்களில் தனக்கு மனச்சோர்வு வந்ததை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உடம்பிலும் கவனிக்க வேண்டியது உண்டு. நன்றாக ஓய்ந்தும் களைப்பு மாறாமல், காலையில் எழும்பியவுடன் பார்க்கும் நாடித்துடிப்பு வழமையைவிட ஏறியே இருந்தால், அல்லது படியேறவே மூச்சு வாங்கினால், இரத்தம் சோதித்துப் பாருங்கள். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணமாக வருவது. தைரொயிட் சுரப்பிக் கோளாறும் இப்படிக் களைப்பைக் கொடுக்கும். மாத்திரையால் தீர்கிற ஒன்றுக்கு மனத்தைத் திட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அந்தப் பிள்ளை அவளுடைய பள்ளிக்கூட மரதனில் ஏழாவதாக வந்தாள். வயிறு பிடிக்கவில்லையாம். இப்போது சனிக்கிழமைகளில் அவள், நான், மச்சாள் மூவருமாக நிலாவெளி வீதியில் ஓடுகிறோம். செவ்வாயும் வியாழனும் நான் தனியே. இந்த வருடக் கலண்டரில் இன்னும் ஒரு வட்டமும் போடவில்லை. கொழும்புக்குப் பெயர் கொடுப்பதா இல்லையா என்பதை மே மாதம், கச்சான் தொடங்கட்டும், பார்ப்போம் என்று மச்சாள் சொல்கிறாள். சாம்பல்தீவுப் பாலத்தில் போன சனிக்கிழமை மூவரும் நின்று, களப்பில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பத்து நிமிடமளவு பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.